காய்ச்சலே குணமன்று: ரத்தப் புற்றுநோய்க்கான செல் சிகிச்சையும் பக்க விளைவைத் தடுத்த வரலாறும்

மருத்துவ வரலாறு பயிலும் நாம் மருந்துகளின் பிறப்பைப் பற்றி நிறைய எழுதுகிறோம். பிறந்த மருந்தை மனித உடல் தாங்கும்படி பழக்கிய உழைப்பைப் பற்றிக் குறைவாகவே எழுதுகிறோம். கார்-டி செல் சிகிச்சைக்கும் இதே நிலைதான். அதன் கண்டுபிடிப்பை ஆண்டு வாரியாக அடுக்கும் கட்டுரைகள் பல வந்துவிட்டன. இப்பதிவு வேறொரு கேள்வியைப் பின்தொடர்கிறது. இச்சிகிச்சையால் எழும் கடுங்காய்ச்சலையும் மூளைக் குழப்பத்தையும் வருமுன் தடுத்தால், கூடவே குணமும் தடைபட்டுவிடுமா? இந்த அச்சம் எங்கிருந்து வந்தது, எவ்வாறு தளர்ந்தது, இந்தியச் சூழலில் அதற்கு என்ன பொருள் என்பவற்றைப் பார்ப்போம். பதிவு சற்று நீளமானது. வகுப்பில் பயன்படக்கூடும் என்பதால் சுருக்கவில்லை.

பிற துறை மாணவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்தெடுக்கிறார்கள். ஆய்வகத்தில் ஒரு வைரஸின் துணையால் அச்செல்களுக்குள் புதிய மரபணு ஒன்றைப் புகுத்துகிறார்கள். அதன் பயனாக, பி செல்களின் மேற்பரப்பிலுள்ள சிடி19 என்னும் புரதத்தை அடையாளம் காணும் ஏற்பி டி செல்லின் மீது முளைக்கிறது. இவ்வாறு மாற்றிய செல்களைப் பெருக்கி மீண்டும் நோயாளியின் உடலில் செலுத்துகிறார்கள். பி செல்களிலிருந்து உருவாகும் ரத்தப் புற்றுநோய்களை அவை தேடி அழிக்கின்றன. மாத்திரை உடலுக்குள் சென்றால் நாளடைவில் குறையும்; இம்மருந்தோ உடலுக்குள் சென்றபின் பெருகும். உயிருள்ள மருந்து என்று இதைச் சொல்வதன் காரணம் அதுதான். செலுத்தியபின் அளவைக் குறைக்க எளிய வழி இல்லை. பக்க விளைவுத் தடுப்பு இங்குத் தனி முக்கியத்துவம் பெறுவதும் அதனால்தான்.

1. காய்ச்சலைப் போற்றிய மரபு

1891இல் நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, புற்றுநோயாளி ஒருவருக்கு உயிருள்ள பாக்டீரியாவைச் செலுத்தி வேண்டுமென்றே தொற்றை உண்டாக்கினார். அக்கித் தொற்றும் கடுங்காய்ச்சலும் கண்ட சில நோயாளிகளுக்குக் கட்டி கரைந்ததை அவர் பழைய மருத்துவமனைப் பதிவுகளில் கண்டிருந்தார். பின்னர் கொல்லப்பட்ட பாக்டீரியாக் கலவையைப் பயன்படுத்தினார். காய்ச்சல் எழும்வரை அளவைக் கூட்டிச் செல்வது அவரது முறை. காய்ச்சல் வந்தால் மருந்து வேலை செய்கிறது, வராவிட்டால் போதவில்லை என்பது அதன் உட்பொருள்.

கோலியின் முறை கதிர்வீச்சும் வேதி மருந்துகளும் வந்தபின் வழக்கொழிந்தது. அதன் உள்ளே இருந்த சமன்பாடு, அதாவது காய்ச்சலும் குணமும் ஒன்றே என்னும் எண்ணம், நூறாண்டு கழித்து வேறு உருவில் திரும்பி வந்தது.

2. இரண்டு முன்னெச்சரிக்கைகள்

டி செல்களை ஒரே நேரத்தில் தூண்டிவிட்டால் என்னவாகும் என்பது கார்-டி சிகிச்சைக்கு முன்பே தெரிந்திருந்தது. 1980களில், மாற்று உறுப்பை உடல் நிராகரிப்பதைத் தடுக்க ஓகேடி3 என்னும் ஆன்டிபாடி பயன்பாட்டுக்கு வந்தது. முதல் ஊசி போட்ட சில மணி நேரத்திலேயே நோயாளிகளுக்குக் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் ஏற்பட்டன. டி செல்களை ஒடுக்க வந்த மருந்து முதலில் அவற்றைத் தூண்டிவிட்டு, சைட்டோகைன் எனப்படும் செய்திப் புரதங்களை ரத்தத்தில் கொட்டச் செய்தது. ஊசிக்கு முன்பே ஸ்டீராய்டு கொடுத்தால் இவ்விளைவு தணிகிறது என்பதையும் மருத்துவர்கள் கண்டறிந்து, அதையே வழக்கமாக்கினர். வருமுன் காக்கும் முறை அன்றே இருந்தது என்பதை இங்கு மனத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது எச்சரிக்கை 2006 மார்ச் 13 அன்று லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் நிகழ்ந்தது. டிஜிஎன்1412 என்னும் புதிய ஆன்டிபாடி, நலமான தன்னார்வலர் ஆறு பேருக்குச் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்துச் செலுத்தப்பட்டது. விலங்குகளில் பாதுகாப்பானது எனக் கண்ட அளவில் 500இல் ஒரு பங்குதான் கொடுக்கப்பட்டது. ஆனாலும் இரண்டு மணி நேரத்துக்குள் அறுவரும் நோயுற்றனர். பல உறுப்புகள் செயலிழக்கும் நிலைக்குச் சென்றனர். தீவிர சிகிச்சையால் அறுவரும் பிழைத்தனர். அவ்வாண்டே நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான அந்நிகழ்வின் அறிக்கைக்கு முதல் ஆசிரியர், அவர்களைக் கவனித்த தீவிர சிகிச்சை மருத்துவர் கணேஷ் சுந்தரலிங்கம். புற்றுநோயே இல்லாத உடலிலும் டி செல்களைத் தூண்டினால் புயல் எழும் என்பதற்கு அவ்வறிக்கை ஆவணமாயிற்று.

ஓகேடி3 கற்பித்த முன்தடுப்பு கார்-டி துறைக்கு ஏன் உடனே வரவில்லை? காரணம் எளிது. உறுப்பு மாற்றத்தில் டி செல்களை ஒடுக்குவதே நோக்கம். ஸ்டீராய்டு அந்த நோக்கத்துக்குத் துணை. புற்றுநோயிலோ டி செல்லே மருந்து. அதை ஸ்டீராய்டால் ஒடுக்குவது, நெல்லுக்குப் பாய்ச்ச வேண்டிய நீரை மடையிலேயே அடைப்பதாகப் பட்டது.

3. பிலடெல்பியா, 2012

டி செல்லில் ஆன்டிபாடியின் அடையாளம் காணும் பகுதியைப் பொருத்தும் யோசனையை இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தில் செலிக் எஷ்ஹாரும் கிடியன் கிராஸும் 1989இல் செய்து காட்டினர். தொடக்ககாலச் செல்கள் உடலில் நிலைக்கவில்லை. துணைத் தூண்டல் பகுதி சேர்ந்த இரண்டாம் தலைமுறைச் செல்கள்தான் பலன் தந்தன. 2011இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கார்ல் ஜூன் குழுவினர், நாட்பட்ட ரத்தப் புற்றுநோய் கொண்ட மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினர். இருவருக்கு நோய் முற்றிலும் மறைந்தது. செல்கள் பெருகிய நாட்களில் காய்ச்சல் கண்டது. பலன் கிடைத்தவர்க்குக் காய்ச்சலும் கிடைத்தது என்னும் இந்த ஒற்றுமையே பழைய சமன்பாட்டுக்குப் புத்துயிர் அளித்தது.

2012 ஏப்ரலில் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் எமிலி வைட்ஹெட் என்னும் ஆறு வயதுச் சிறுமிக்கு இச்செல்கள் செலுத்தப்பட்டன. இச்சிகிச்சை பெற்ற முதல் குழந்தை அவள். சில நாட்களில் கடுங்காய்ச்சல் கண்டது; ரத்த அழுத்தம் சரிந்தது; செயற்கைச் சுவாசக் கருவி பொருத்த வேண்டியதாயிற்று. ஸ்டீராய்டு சற்றே பலன் தந்தது, போதவில்லை. ரத்தத்தைச் சோதித்தபோது இன்டர்லூகின்-6 என்னும் சைட்டோகைன் மிக உயர்ந்திருந்தது. ஜூனின் மகளுக்குச் சிறுவயது மூட்டழற்சி இருந்ததால், அதே இன்டர்லூகினைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்னும் மருந்தை அவர் அறிந்திருந்தார். சிகிச்சையளித்த ஸ்டீபன் குரூப் அதை இன்னொரு தடுப்பு மருந்துடன் கொடுத்தார். சிறுமி விரைவில் தேறினாள், தன் ஏழாம் பிறந்த நாளன்று கண் விழித்தாள், புற்றுநோயும் மறைந்தது.

இந்நிகழ்வைத் தற்செயல் என்று கூறிக் கடந்துவிடுவது வரலாற்று மாணவர்க்கு அழகன்று. அம்மருந்து அலமாரியில் இருந்ததற்குப் பின்னால் நீண்ட உழைப்பு இருந்தது. இன்டர்லூகின்-6இன் மரபணுவை ஒசாகா பல்கலைக்கழகத்தில் தடமித்சு கிஷிமோட்டோவும் தோஷியோ ஹிரானோவும் 1986இல் பிரித்தறிந்தனர். அதைத் தடுக்கும் ஆன்டிபாடி சுகாய் நிறுவனத்தின் துணையுடன் உருவாகி, 2005இல் காசில்மன் நோய் என்னும் அரிய நோய்க்காக ஜப்பானில் ஒப்புதல் பெற்றது. பின்னர் மூட்டழற்சிக்கு வந்தது. ரத்தப் புற்றுநோயை எண்ணாமல் நடந்த அடிப்படை ஆய்வு ஒன்று கால் நூற்றாண்டு கழித்து ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையையே காப்பாற்றியது. அச்சிறுமி இறந்திருந்தால் இத்துறை பல ஆண்டு பின்தங்கியிருக்கும் என்று அதில் ஈடுபட்டவர்களே கூறியுள்ளனர். 2017 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்க அரசு முதல் கார்-டி சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தபோது, அதே நாளில் டோசிலிசுமாப்புக்கும் இப்பயன்பாட்டுக்கான ஒப்புதலை வழங்கியது.

4. காத்திருப்பதா, தடுப்பதா?

மருந்து கிடைத்துவிட்டது, எப்போது கொடுப்பது என்பது அடுத்த சிக்கல். நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மையம் 2014இல் வெளியிட்ட முடிவுகளில், அதிக அளவு ஸ்டீராய்டு பெற்றவர்களிடம் கார்-டி செல்கள் மங்கிப் போனது தெரிந்தது. அச்சம் வலுத்தது. அவ்வாண்டு வந்த வழிகாட்டுதல்கள் புயலை நிலைகளாகப் பிரித்து, கடும் நிலைக்கு வந்தபின், அல்லது வேறு நோயுள்ளவர்க்கு இடைநிலையில், தடுப்பு மருந்து கொடுக்கச் சொன்னன. குணம் கெடாமலிருக்க, நோயாளி ஓரளவு துன்புறும்வரை காத்திருப்பதே முறையாயிற்று.

இக்காத்திருப்பைக் கொடுமை என்று இன்று எளிதாகச் சொல்லலாம். அன்றைய மருத்துவர் நிலையில் நின்று பார்த்தால் நியாயம் புரியும். வேறு வழி அனைத்தும் தீர்ந்த நோயாளிக்குக் கிடைத்த கடைசி மருந்தைத் தன் கையாலேயே கெடுத்துவிடக் கூடாது என்னும் தயக்கம் அது. ஆனால், அத்தயக்கம் ஊன்றி நின்ற சமன்பாட்டைச் சோதித்தவர் அப்போது சிலரே.

சோதனை இரு திசைகளிலிருந்து வந்தது. முதலாவது நோயாளிகளிடமிருந்து. சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனைக் குழு, லேசான அறிகுறிகள் நீடித்தாலே டோசிலிசுமாப்பும் ஸ்டீராய்டும் கொடுத்துப் பார்த்தது. கடும்புயல் குறைந்தது, புற்றுநோய் மறையும் விகிதம் குறையவில்லை. இம்முடிவு 2019இல் வெளியானது. புற்றுச் சுமை மிகுந்த குழந்தைகளுக்குத் தொடர்காய்ச்சல் கண்டவுடனேயே டோசிலிசுமாப் கொடுத்த பிலடெல்பியா ஆய்வு 2021இல் வந்தது. மிகக் கடும் நிலைக்குச் சென்றவர் முன்பு 50 விழுக்காடு. இப்போது 27 விழுக்காடு.

இரண்டாவது சோதனை எலிகளில் நடந்தது. 2018இல் நேச்சர் மெடிசின் இதழில் நியூயார்க்கிலிருந்தும் மிலானிலிருந்தும் இரு குழுக்கள் தனித்தனியே ஒரே உண்மையைக் கண்டறிந்து எழுதின. இன்டர்லூகின்-6ஐப் பெருமளவில் கொட்டுவது கார்-டி செல் அன்று. அருகிலிருந்து தூண்டப்படும் மோனோசைட்டுகளும் பெருவிழுங்கி செல்களும்தாம். அவை இன்டர்லூகின்-1ஐயும் வெளியிடுகின்றன. அதைத் தடுக்கும் அனகின்ரா என்னும் மருந்து, புற்றுநோயை அழிக்கும் ஆற்றலைக் குறைக்காமல் எலிகளைக் காத்தது. போர் செய்பவன் ஒருவன், ஊரைக் கொளுத்துபவன் வேறொருவன் என்பது தெளிவாயிற்று. கோலியிடமிருந்து வந்த சமன்பாடு இங்கேதான் உடைந்தது. காய்ச்சல் குணத்தின் அருகில் நிற்பது, குணமே அன்று.

5. மூளையும் ஒரு வாக்கியமும்

சைட்டோகைன் புயலைத் தணித்தபின் மற்றோர் இடர் தெளிவாகத் தெரிந்தது. சில நோயாளிகள் சொற்களைத் தேடித் தடுமாறினர். சிலருக்கு வலிப்பு வந்தது. 2016இல் ஜூனோ நிறுவனத்தின் ஒரு சோதனையில் மூளை வீக்கத்தால் அடுத்தடுத்து ஐந்து நோயாளிகள் இறந்தனர். சோதனை இருமுறை நிறுத்தப்பட்டு, 2017இல் கைவிடப்பட்டது. இந்த நரம்பு விளைவை டோசிலிசுமாப்பால் தடுக்க முடியவில்லை. ஆக்சிகேப்டஜீன் என்னும் கார்-டி மருந்தின் சோதனையில் ஒரு பிரிவினருக்கு அதை முன்கூட்டியே கொடுத்தபோது கடும்புயல் குறைந்தது. நரம்பு விளைவு குறையவில்லை. பின்னர் 40 பேர் கொண்ட வேறொரு பிரிவினருக்கு, செல் செலுத்திய நாள் தொடங்கி மூன்று நாட்கள் 10 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் கொடுத்தனர். ஒருவருக்குக்கூடக் கடும்புயல் வரவில்லை. சிகிச்சையின் பலனும் நிலைத்தது. எந்த ஸ்டீராய்டைக் கண்டு பத்தாண்டு அஞ்சினார்களோ, அதுவே சிறு அளவில், உரிய நாளில், காவலாயிற்று.

நரம்பு விளைவை முன்னறிவதற்கான கருவி வியப்பூட்டும் அளவுக்கு எளியது. பத்து மதிப்பெண் கொண்ட படுக்கையோரத் தேர்வு அது. ஆண்டு, மாதம், ஊர், மருத்துவமனை ஆகியவற்றைச் சொல்ல நான்கு. மூன்று பொருள்களின் பெயரைச் சொல்ல மூன்று. ஒரு கட்டளையைப் பின்பற்ற ஒன்று. நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ண ஒன்று. ஒரு வாக்கியம் எழுத ஒன்று. கையெழுத்துச் சிதைவு பெரும் பாதிப்புக்கு முன்பே தோன்றக்கூடும். நாள்தோறும் ஒரே வாக்கியத்தை எழுதச் சொல்லி ஒப்பிட்டால் செவிலியரே கண்டுகொள்ளலாம்.

அத்தேர்வில் எடுத்துக்காட்டாகத் தரப்பட்டுள்ள வாக்கியம் அமெரிக்கத் தேசியப் பறவையான வெண்தலைக் கழுகைப் பற்றியது. இங்கு மயில் என்று மாற்றி எழுதிவிடலாம். எழுதப் படிக்கத் தெரியாத நோயாளிக்கு என்ன செய்வது? தன் தாய்மொழி தெரியாத வார்டில் படுத்திருப்பவரின் சொல் தடுமாற்றத்தை யார் உணர்வது? பன்மொழி நாட்டில் பக்க விளைவுத் தடுப்பு மொழியியலாளரின் வேலையும் ஆகிறது.

6. இந்தியாவின் வழி

இந்தியாவின் முதல் கார்-டி சிகிச்சை 2021 ஜூன் 4 அன்று, நவி மும்பையில் டாடா நினைவு மையத்தைச் சேர்ந்த மருத்துவமனையில் அளிக்கப்பட்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கொரோனா இரண்டாம் அலையில் டோசிலிசுமாப் கிடைக்காமல் நாடெங்கும் குடும்பங்கள் அலைந்தன. மீட்பு மருந்தை மட்டும் நம்பியிருக்கும் சிகிச்சை எவ்வளவு நலிந்த தூணில் நிற்கிறது என்பதை அந்நாட்கள் காட்டின. தீவிர சிகிச்சைப் படுக்கை அரிதாகவும், மீட்பு மருந்து விலையுயர்ந்ததாகவும் உள்ள நாட்டில், பக்க விளைவு வந்தபின் சமாளிக்கும் உத்தி வசதியுள்ளோர்க்கு மட்டுமே உதவும்.

பம்பாய் ஐஐடியில் ராகுல் புர்வார் குழுவினர் இச்சிக்கலைச் செல்லின் வடிவமைப்பிலேயே எதிர்கொண்டனர். பல வெளிநாட்டுத் தயாரிப்புகளில் சிடி19ஐப் பற்றும் பகுதி எலி ஆன்டிபாடியிலிருந்து வந்தது. இவர்கள் அதை மனித வடிவுக்கு மாற்றினர். இச்செல்கள் புற்றுநோயை அழிக்கும்போது குறைந்த சைட்டோகைனையே வெளியிடுகின்றன என்பதை 2021இல் ஆய்வகச் சான்றுகளுடன் வெளியிட்டனர். நெக்ஸ்கார்19 என்னும் பெயரில் அது 2023 அக்டோபரில் அரசின் ஒப்புதல் பெற்றது. 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதைத் தொடங்கிவைத்தார்.

பெங்களூரின் இம்யூனீல் நிறுவனம் வேறு வழியில் சென்றது. பார்சிலோனாவின் கிளினிக் மருத்துவமனையில் உருவான செல்லை அது இங்குத் தயாரித்தது. 2025 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற செய்தி வந்தது. இதில் மொத்தச் செல்களையும் ஒரே நாளில் செலுத்துவதில்லை. முதலில் 10 விழுக்காடு, அடுத்து 30, கடைசியில் 60. காய்ச்சல் போன்ற அறிகுறி கண்டால் மீதியை நிறுத்திவைக்கலாம். பென்சில்வேனியாவிலும் சோதிக்கப்பட்ட இம்முறைக்குப் புதிய மருந்து எதுவும் வேண்டியதில்லை; நாள்களைப் பிரித்தால் போதும். செலுத்தியபின் திரும்பப் பெற முடியாத மருந்துக்கு, செலுத்துமுன் யோசிக்க மூன்று வாய்ப்புகள் கிடைக்கின்றன.

இவ்விரு வழிகளையும் நாம் விலைக் கணக்கோடு சேர்த்தே படிக்க வேண்டும். அமெரிக்காவில் முதல் கார்-டி மருந்தின் பட்டியல் விலை 2017இல் 475,000 டாலராக இருந்தது. இந்தியத் தயாரிப்பு ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்கு என்று செய்திகள் கொண்டாடின. கொண்டாடத்தக்கதே. ஆனால் மருந்தின் விலை வேறு, சிகிச்சையின் செலவு வேறு. தீவிர சிகிச்சைப் பிரிவில் கழியும் ஒவ்வொரு நாளும் பின்னதில் சேர்கிறது. பக்க விளைவைத் தடுக்கும் ஒவ்வொரு முயற்சியும் மருத்துவ முயற்சியாக இருப்பதோடு, யாருக்கு இச்சிகிச்சை எட்டும் என்பதைத் தீர்மானிக்கும் பொருளியல் முயற்சியாகவும் இருக்கிறது.

7. தீராத கணக்கு

வெற்றியை மிகைப்படுத்தக் கூடாது. நெக்ஸ்கார்19இன் சோதனை முடிவு 2025இல் லான்செட் ஹீமட்டாலஜி இதழில் வெளிவந்தது. மதிப்பிடத்தக்க 51 பேரில் 73 விழுக்காட்டினருக்குப் பலன் கிடைத்தது. அதே ஆய்வில் ஏறத்தாழ எல்லோருக்கும் வெள்ளணுக்கள் கடுமையாகக் குறைந்தன. சிகிச்சை தொடர்பான இரு மரணங்களும் பதிவாயின. அவற்றில் ஒன்றுக்குத் தொற்று அதிர்ச்சி காரணம். உலக அளவிலும் இதே போக்கு தெரிகிறது. கார்-டி பெற்றவர்களில் புற்றுநோயல்லாத காரணத்தால் நேர்ந்த மரணங்களை 2024இல் தொகுத்து ஆராய்ந்தபோது, பாதிக்கும் சற்று மேற்பட்டவை தொற்றால் நேர்ந்தவை. புயலும் நரம்பு விளைவும் அவற்றைச் சார்ந்த அழற்சியும் சேர்ந்து எட்டில் ஒன்றுக்கும் குறைவு.

அஞ்சிய எதிரி பெரும்பாலும் அடங்கிவிட்டது. அஞ்சாத எதிரி வீட்டுக்கு வந்தபின் காத்திருக்கிறது. தொற்றைத் தடுப்பதற்குத் தூய குடிநீர், நெருக்கமில்லாத தங்குமிடம், ஊருக்கு அருகே ரத்தப் பரிசோதனை, வேண்டியபோது இம்யூனோகுளோபுலின் ஆகியவை தேவை. காசநோயும் கல்லீரல் அழற்சி வைரஸும் பரவலாக உள்ள நாட்டில் இவை சிகிச்சையின் ஒட்டுப்பகுதி அல்ல, சிகிச்சையின் பகுதியே.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இவ்வரலாற்றின் சான்றுகள் ஆய்விதழ்களில் மட்டும் இல்லை. செவிலியர் எழுதிய காய்ச்சல் அட்டவணைகளில், நோயாளிகள் நாள்தோறும் எழுதிய ஒற்றை வாக்கியங்களில், மருத்துவமனை அருகே வாடகை அறையில் தங்கிய குடும்பங்களின் செலவுக் குறிப்புகளில் அவை உள்ளன. இந்தியாவில் இச்சிகிச்சை தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகின்றன. அவ்வாவணங்கள் இன்னும் அழியவில்லை. நோயாளியின் அடையாளத்தைக் காத்து, உரிய நெறிக்குழு ஒப்புதலுடன், அவற்றைச் சேகரிக்க முன்வருவோர் உண்டெனில் மறுமொழியில் எழுதுங்கள். எந்த மொழியில் எந்த வாக்கியத்தை எழுதச் சொன்னார்கள் என்பதிலிருந்தே தொடங்கலாம்.